வலி போன இடம்

சீடருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு நாற்பத்தாறு.

சீடரின் பெயர் சிற்றம்பலம். அரசு ஆஸ்பத்திரியில் வெகுகாலம் அறுவை மருத்துவராக இருந்தவர். கட்டியைக் கண்டால் வெட்டுவார். வெட்டிப் பயனில்லை என்று தெரிந்தால் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஓய்வு பெற்று, பொழுது போகாமல் உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் அந்தக் கேள்வி அவருக்குள் முளைத்தது. வீட்டுக்கு அனுப்பினோமே, அவர்கள் எல்லாம் என்ன ஆனார்கள்?

அதைத் தெரிந்துகொள்ளத்தான் கொள்ளிடத்தின் வடகரையில் இருந்த அந்த இல்லத்துக்கு வந்தார். இனிக் குணமாக்க வழியில்லை என்று சொல்லப்பட்ட புற்றுநோயாளிகள் அங்கே இருந்தார்கள். நீளமான ஒரு கூடம், சமையலறை, பின்புறம் ஒரு வேப்பமரம். நடத்தியவர் டாக்டர் ஜொஹரா. வலியைத் தணிப்பதுதான் அவர் படித்த படிப்பு.

"என்ன கத்துக்கலாம்னு வந்தீங்க சார்?" என்று கேட்டார் ஜொஹரா.

"வலிக்கு மருந்து கொடுக்க."

"அது ஒரு வாரத்துல வந்துடும். மிச்ச நாளெல்லாம் என்ன பண்ணப்போறீங்க?"

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிற்றம்பலம் சிரித்தார். ஜொஹரா சிரிக்கவில்லை.

*

ஜன்னலோரக் கட்டிலில் வீராயி இருந்தாள். லால்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருந்தவள். மார்பில் தொடங்கிய நோய் முதுகெலும்பில் இறங்கியிருந்தது. புரண்டு படுக்க முடியாது. இருமல் வந்தால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துவாள். கத்தி முடித்ததும் பக்கத்துக் கட்டில்காரியைப் பார்த்து, "பயந்துட்டியா? நான் பாட்டுப் பழகுறேன்" என்பாள்.

சிற்றம்பலம் காலையில் வந்து நின்று கேட்பார்.

"வலி எப்படிம்மா இருக்கு? பத்துக்கு எவ்வளவு போடலாம்?"

"நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போவாதவ. என்கிட்டப் போயி மார்க்கு கேக்குறீங்களே. நீங்களே பாத்துப் போட்டுக்கங்க, ஃபெயிலாக்கிராம."

மாத்திரை கொடுத்தார்கள். வலி குறையவில்லை. அளவைக் கூட்டினார்கள். அப்போதும் குறையவில்லை. சிற்றம்பலத்துக்குப் புரியவில்லை. பிறகு ஒரு நாள் சேலை மாற்றிவிட்ட நர்ஸ், முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொண்டுவந்து காட்டினாள். அத்தனை மாத்திரைகளும் அதில் இருந்தன. நாக்குக்கு அடியில் அடக்கி வைத்திருந்து, ஆள் போனதும் துப்பி முடிந்து வைத்திருக்கிறாள்.

சிற்றம்பலம் அதை எடுத்துக்கொண்டு ஜொஹராவிடம் போனார்.

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். கசக்குதாம்."

"உக்காந்து கேட்டீங்களா, நின்னுக்கிட்டே கேட்டீங்களா?"

சிற்றம்பலம் யோசித்தார். கட்டில் கட்டிலாகப் போய் நின்று, பேசி, அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துதான் அவருக்குப் பழக்கம். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்ததாக ஒரு நாளும் அவருக்கு நினைவில்லை.

"நாளைக்கு உக்காந்து கேக்குறேன்" என்றார்.

*

மறுநாள் காலையில் ஜொஹரா பக்கத்துக் கிராமங்களில் இருந்த நோயாளிகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். சிற்றம்பலம் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் நுழையப் போனார். அப்போது வாசலில் தவமணி வழி மறித்தாள். தவமணி வீராயியின் ஒரே மகள். திருச்சியில் ஜவுளிக் கடையில் வேலை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டு வந்திருந்தாள்.

"கேக்காதீங்க சார். சொல்லாது. நான் சொல்றேன்."

அம்மாவைப் பெற்ற ஆத்தாவுக்கும் இதே இடத்தில் இதே நோய்தான். அடுத்தது அம்மா. அதற்கு அடுத்தது மகள் என்று வீராயி தானாகவே முடிவு கட்டிவிட்டாள். சமயபுரத்து மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டு, மஞ்சள் துண்டு கோத்த கயிற்றைத் தன் கையாலேயே மணிக்கட்டில் காப்பாகக் கட்டிக்கொண்டாள். வேண்டுதல் இதுதான்: 'இந்த நோவு மொத்தமும் என் உடம்போட இருக்கட்டும். ஒரு சொட்டுகூட நான் தள்ளிவிட மாட்டேன். என் மவளைத் தொடாதே.'

"அதனால மாத்திரை திங்காது சார். தின்னா வேண்டுதல் கெட்டுப்போயிரும்னு நெனைக்குது. காப்பு கட்டுனவங்க எல்லை தாண்டக்கூடாதுல்ல? அதான் டாக்டரம்மா நோவுக்கு ரேடியேசன் கரண்டு வைக்கத் திருச்சிக்குக் கூப்பிட்டப்பவும் இந்த வாசலைத் தாண்டமாட்டேன்னுடுச்சு."

அந்தக் கயிற்றைச் சிற்றம்பலம் தினமும் பார்த்திருந்தார். நாடி பிடிக்க இடைஞ்சலாக இருக்கிறதே என்று மட்டும் நினைத்திருந்தார்.

"எடுத்துச் சொல்லிப் பார்ப்போம்."

"எங்கம்மாகிட்டயா?" தவமணியின் கண் நிறைந்துவிட்டது. "காலையில சுக்கு காப்பி இல்லாம அதுக்கு விடியாது சார். அதுல பொடி பண்ணிக் கலந்துட்டா தெரியாது. உங்களுக்குப் புண்ணியமாப் போவும். அது கத்துறதை என்னால கேக்க முடியல."

சிற்றம்பலம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் வராந்தாவில் நடந்தார். உள்ளே வீராயி இருமினாள். பிறகு கத்தினாள். அந்தச் சத்தம் அவரை முடிவெடுக்க வைத்தது. 'குழந்தைக்குத் தேனில் குழைத்துக் கொடுக்கிறோம். அது பாவமா?' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மாத்திரையை எடுத்துப் பொடித்தார்.

*

காப்பியைக் குடித்துவிட்டு வீராயி, "இன்னிக்கு என்னடி கருப்பட்டி கம்மியா?" என்றாள். அவ்வளவுதான்.

ஒரு மணி நேரத்தில் அவளுடைய நெற்றிச் சுருக்கம் பிரிந்தது. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் தாமாக விட்டன. கால் நீட்டினாள். தூங்கினாள். தவமணி அம்மாவின் தலையை மெல்லத் திருப்பி, சிக்கெடுத்துப் பின்னினாள். சிற்றம்பலம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய ஆபரேஷன்களை முடித்துவிட்டு வெளியே வந்தபோதுகூட அவருக்கு இவ்வளவு நிறைவு வந்ததில்லை.

உச்சி வேளையில் வீராயி விழித்தாள். தண்ணீர் கேட்டாள். தவமணி சொம்பை எடுப்பதற்குள் தானே ஒருக்களித்துத் திரும்பினாள். திரும்பியவள் அப்படியே அசையாமல் கிடந்தாள்.

"ஏண்டி, வலி எங்க?"

"இல்லையாம்மா? நல்லதாப் போச்சு."

"எங்க போச்சு?"

தவமணி சொம்பை எடுக்கத் திரும்பினாள்.

"உன்னையத்தான் கேக்குறேன். எங்க போச்சு? இங்க வா. கிட்ட வாடி. உனக்கு முதுகு வலிக்குதா? நெஞ்சு வலிக்குதா?"

மகளின் கையைப் பிடித்து இழுத்து, மாராப்புக்குள் கையை நுழைத்துத் தடவப் பார்த்தாள். தவமணி சட்டென்று இரண்டு கையையும் மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு பின்னால் போனாள்.

அதைப் பார்த்ததும் வீராயி தன் முகத்தில் தானே அறைந்துகொண்டாள்.

"ஆத்தா! நான் என்ன கொறை வச்சேன்? எம்மேல கெடந்ததைத் தூக்கி அவமேல போட்டுட்டியே! திருப்பிக் குடு! எங்கிட்டயே திருப்பிக் குடுத்துரு!"

வலியால் அலறியவர்களைச் சிற்றம்பலம் நிறையப் பார்த்திருக்கிறார். வலி இல்லை என்று ஒருவர் அலறி அன்றுதான் பார்த்தார். வாசற்படியிலேயே நின்றார்.

*

ஜொஹரா திரும்பி வந்ததும், சிற்றம்பலம் அவரை வேப்பமரத்தடியிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. தவமணி பதறிப் பின்வாங்கியதையும் சொன்னார்.

ஜொஹரா கோபப்படவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, "இதை என்கிட்ட ஏன் சார் சொல்றீங்க?" என்றார்.

பிறகு உள்ளே போய், முக்காலியை எடுத்து வீராயியின் கட்டிலை ஒட்டிப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்.

சிற்றம்பலம் உட்கார்ந்தார்.

"வீராயிம்மா. காலையில காப்பியில மாத்திரை கலந்திருந்துச்சு. கலந்தது நான்தான். அதனாலதான் வலி நின்னுச்சு. அது எங்கயும் போகலை."

வீராயி அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"சத்தியமா?"

"சத்தியமா."

"உம் புள்ளைங்க மேல?"

"எனக்குப் பிள்ளை இல்லம்மா."

"அப்ப உம் பொண்டாட்டி மேல சொல்லு."

"அவ மேல சத்தியம்."

வீராயி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். கண்ணை மூடினாள். திறந்தபோது முகம் மாறியிருந்தது.

"கெட்ட ஆளுய்யா நீ. ஆயுசு பூரா கடை வச்சிருக்கேன். மாவுல ஒரு கிள்ளு சோடா போட்டதில்ல. எங்கிட்டயே கலப்படமா?"

"நான்தாம்மா கலக்கச் சொன்னேன்" என்றாள் தவமணி.

"உன்னைய அப்புறம் பேசிக்கிறேன். இந்தாய்யா, இனிமே உங்கையால பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன். போ."

அவர் எழுந்தார். அதற்குள் காலையில் கொடுத்த மருந்தின் வேகமும் தணிந்துகொண்டிருந்தது. வீராயியின் கை கம்பியைத் தேடியது. உதட்டைக் கடித்தாள். நெற்றியில் வேர்வை அரும்பியது. அந்தக் கடித்த பல்லோடு அவள் சிரித்தாள்.

"வந்துருச்சு. எங்கிட்டயே வந்துருச்சுடி."

அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காமல் சிற்றம்பலம் வெளியே வந்தார்.

*

"இதுக்கு என்ன மருந்து டாக்டர்?" என்றார் ஜொஹராவிடம். "வலி இருந்தா ஒரு வேதனை. போனா அதைவிடப் பெரிய வேதனை. இந்த அம்மாவுக்கு நான் எதைக் கொடுக்கட்டும்?"

ஜொஹரா உள்ளே நடந்தார். சிற்றம்பலம் பின்னாலேயே போனார். வீராயியின் கட்டில் வந்தது. ஜொஹரா அங்கே நிற்கவில்லை. அதைத் தாண்டிக் கொல்லைப் பக்கம் போனார். அங்கே குழாயடியில் தவமணி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தவமணி, உங்களுக்கு எங்க வலிக்குது?"

தவமணி நிமிர்ந்து பார்த்தாள். அருகில் நின்ற சிற்றம்பலத்தைப் பார்த்தாள்.

"சார் அந்தப் பக்கம் போகட்டுமா?" என்றார் ஜொஹரா.

"இருக்கட்டும்." டம்ளரைக் கீழே வைத்தாள். "வலியெல்லாம் இல்ல டாக்டர். கட்டிதான். ஐப்பசியிலேர்ந்து இருக்கு."

தை முடிந்து மாசி பிறந்திருந்தது.

"யார்கிட்டயாவது காட்டுனீங்களா?"

"இல்ல. அம்மா கத்துறப்ப எனக்கு அம்மா குரல் கேக்கல. நாளைக்கு நான் கத்துறதுதான் கேக்குது. போயிக் காட்டுனா அதை நெசம்னு சொல்லிருவாங்கள்ல?" முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "அம்மாவுக்காகன்னு சொல்லித்தான் சாரைக் கலக்கச் சொன்னேன். எனக்காகத்தான் சொன்னேன். அந்தச் சத்தம் நின்னாப் போதும்னு இருந்துச்சு."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஜொஹரா அதை மூடினார்.

"அம்மா யாருக்காக இந்த வலியைத் தாங்கிட்டிருக்காங்க?"

"எனக்காக."

"நீங்க யாருக்காக இதை அம்மாகிட்ட மறைச்சு வச்சிருக்கீங்க?"

"அம்மாவுக்காக."

"நல்லா இருக்கீங்க ரெண்டு பேரும்" என்றார் ஜொஹரா.

தவமணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அழுகை ஜெயித்தது. அழுது முடிக்கும்வரை ஜொஹரா அவள் தோளைத் தொட்டபடி நின்றார்.

"நான் சொல்லட்டுமா அம்மாகிட்ட?" என்று கேட்டார் சிற்றம்பலம்.

"வேண்டாம் சார்" என்றாள் தவமணி. மூக்கைச் சிந்தினாள். "நீங்க ஒரு தடவை சொன்னதே போதும்."

*

அவளே போய்ச் சொன்னாள்.

வீராயி வெகுநேரம் மகளின் முகத்தையே பார்த்தாள்.

"எந்தப் பக்கம்?"

"எடது."

"எத்தனை நாளா?"

"ஐப்பசியிலேர்ந்து."

"அடிப்பாவி." கை எட்டிய மட்டும் மகளின் தொடையில் ஓர் அடி வைத்தாள். அடித்த வேகத்தில் தன் முதுகு பிடித்துக்கொண்டு கத்தினாள். கத்தி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள். "போயிக் காட்டுறதுக்கு என்ன கேடு?"

"தனியாப் போகப் பயமா இருந்துச்சும்மா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா நான் வரமாட்டேனா?"

"நீ எப்படிம்மா வருவ? உன்னால உக்காரவே முடியல. இந்த வாசலைத் தாண்டவும் மாட்டேங்குற."

வீராயி தன் மணிக்கட்டைப் பார்த்தாள். கயிறு வேர்வையில் ஊறிக் கறுத்திருந்தது. மஞ்சள் துண்டு சுருங்கியிருந்தது.

"டாக்டரம்மா, காப்பை நடுவுல அவுத்தா குத்தமா?"

குற்றமில்லை என்று சொல்லச் சிற்றம்பலம் வாயெடுத்தார். ஜொஹரா அவரைப் பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"உங்க முறை எனக்குத் தெரியாதும்மா. தெரியாம நான் ஒண்ணு சொல்லக்கூடாது. நீங்கதான் சொல்லணும்."

வீராயி ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே சாலையில் மஞ்சள் சேலைக்காரிகள் சிலர் பூக்கூடை சுமந்து சமயபுரம் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை பார்த்தாள்.

"இந்த மாசக் கடைசியில சமயபுரத்து ஆத்தா பட்டினி கெடக்க ஆரம்பிச்சுருவா" என்றாள், யாரிடம் என்றில்லாமல். "அடுப்புல வச்ச எதையும் தொட மாட்டா. துள்ளுமாவும் நீர்மோரும்தான். எதுக்குன்னா, புள்ளைங்களுக்கு ஒரு நோவும் வந்துரக் கூடாதுன்னு. நமக்காக அவ இருக்குற விரதம் அது."

மணிக்கட்டுக் கயிற்றைத் தடவினாள்.

"அந்த நேரம் பாத்து ஒரு புள்ள வாசல்ல வந்து நின்னு, 'ஆத்தா பயமா இருக்கு, கூட வா'ன்னு அழுதா? 'நான் விரதத்துல இருக்கேன், அப்புறம் வா'ன்னு கதவையா சாத்துவா?"

பதிலுக்குக் காத்திராமல் கையை மகளிடம் நீட்டினாள்.

"தவமணி, அவுறுடி."

முடிச்சு இறுகிக் கிடந்தது. தவமணி பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"கீழ போட்டுறாத. கொல்லையில வேம்பு நிக்கிதுல்ல, அதுல கட்டு. இந்தாய்யா, சத்தியம் பண்ணுன டாக்டரு. அந்த மாத்திரையைக் கொண்டா. பொடி கிடி பண்ணாம முழுசாக் கொண்டா. கண்ணுக்குத் தெரியணும்."

சிற்றம்பலம் உள்ளங்கையில் வைத்து நீட்டினார். வீராயி குனிந்து பார்த்தாள்.

"இத்தினியூண்டா? இதுக்கா இம்புட்டு அழிச்சாட்டியம்?"

போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"கசப்புதான். நான் ஒண்ணும் பொய் சொல்லல."

*

இரண்டு மூன்று நாளில் அவளுக்கு ஏற்ற அளவு பிடிபட்டது. வேளை தவறாமல் கொடுத்தார்கள். மலம் இறுகாமலிருக்க வேறொரு மருந்தும் சேர்த்துக் கொடுத்தார்கள். சிற்றம்பலம் காலையில் முக்காலியில் உட்கார்ந்து, "வலி எப்படிம்மா?" என்பார். "பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கு. கூப்பிட்டா வந்துரும். நீ கூப்பிடாத" என்பாள். அவளுக்கு அவர் மேல் கோபம் முழுதும் போகவில்லை. காப்பியை மட்டும் மகள் கையால்தான் வாங்கிக் குடித்தாள்.

பிறகு வேனில் திருச்சிக்குப் போனார்கள். வீராயியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு தவமணி நடந்தாள். சோதனை அறைக்குள் இருவரும் போனார்கள். சிற்றம்பலம் வெளியே நின்றார். கட்டிக்குள் ஊசியைச் செலுத்திச் சதை எடுப்பது அவருக்குத் தெரிந்த வேலை. எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறார். கதவுக்கு வெளியே நிற்பது அவருக்குப் புதிது.

உள்ளேயிருந்து வீராயியின் குரல் கேட்டது.

"என் கையைப் புடிச்சுக்க. இன்னும் இறுக்கிப் புடிடி. எனக்கு வலிக்காது."

*

முடிவு ஒரு சாயங்காலம் வந்தது. ஜொஹரா படித்துவிட்டுச் சிற்றம்பலத்திடம் கொடுத்தார்.

புற்றுதான். சிறியது. அக்குளுக்குப் பரவியதாகத் தெரியவில்லை. இந்த நிலையில் வெட்டி எடுத்துச் சிகிச்சை செய்தால் பிழைப்பவர்களே அதிகம் என்பதைச் சிற்றம்பலம் அறிவார். ஆனால் அவருடைய நினைப்பு மகளிடம் இல்லை.

"டாக்டர், அந்த அம்மாகிட்ட இதைச் சொல்ல வேண்டாம். காப்பை அவுத்ததாலதான் மகளுக்கு வந்துச்சுன்னு நெனச்சுக்குவாங்க. அன்னிக்கு முகத்துல அறைஞ்சுக்கிட்டதை நான் பார்த்தேன். அதை இன்னொரு தடவை பார்க்க முடியாது. அவங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. அந்த நாளாவது நிம்மதியாப் போகட்டுமே."

"தவமணிகிட்ட சொல்லணும் சார். அது அவங்க உடம்பு."

"அவகிட்ட சொல்லுவோம். அம்மாகிட்ட மறைக்கச் சொல்லுவோம்."

"தவமணிகிட்ட சொல்லுவோம். அவ்வளவுதான்" என்றார் ஜொஹரா.

வராந்தாவில் நிறுத்தித் தவமணியிடம் சொன்னார்கள். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பிழைக்க வழி இருக்கிறது என்று ஜொஹரா சொன்னதையும் கேட்டாள். தலையாட்டினாள். பிறகு தூணை விட்டாள். ஒன்றும் பேசாமல், வழி தெரிந்த குழந்தைபோல் நேராகக் கூடத்துக்குள் நடந்தாள்.

"தவமணி, ஒரு நிமிஷம்—" சிற்றம்பலம் எழுந்து பின்னால் போனார். ஜொஹரா இருந்த இடத்திலேயே இருந்தார்.

அவர் போய்ச் சேர்வதற்குள் தவமணி கட்டிலருகே நின்றிருந்தாள். வீராயி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வந்துருச்சா?"

"ம்."

"எம்புட்டுப் பெருசு?"

"கொட்டைப்பாக்கு அளவுதானாம்."

"நான் எலுமிச்சங்கா அளவு வளர்த்துப்புட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே போனேன். வெறகு அடுப்பு, வேக்காடு, அதான் வீங்கியிருக்குன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்." நிறுத்தினாள். "பொழச்சுக்குவியாம்ல?"

"பொழச்சுக்கலாம்னுதான் சொல்றாங்க."

வீராயி குனிந்து தன் மணிக்கட்டைப் பார்த்தாள். கயிறு இருந்த இடத்தில் வெளுப்பாக ஒரு வளையம் இருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

"அவுத்துட்டமேன்னு ஒரு நொடி திக்குன்னுச்சு" என்றாள். மறுபடியும் தேய்த்தாள். "அவுக்காம இருந்திருந்தா இன்னமும் நான் இங்க கத்திக்கிட்டுக் கெடப்பேன். நீ அங்க டம்ளரைக் கழுவிக்கிட்டு நிப்ப."

தவமணியின் உதடு துடித்தது.

"வா" என்றாள் வீராயி. மடியைத் தட்டிக் காட்டினாள். "மெல்ல. ஆங், அப்படித்தான். அழு. மூக்கை மட்டும் என் சேலையில தொடைக்காத. இப்பத்தான் மாத்துனேன்."

தவமணி குனிந்தாள். பிறகு அவள் முகம் தெரியவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. அதன்மேல் வீராயியின் கை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

சிற்றம்பலம் வராந்தாவுக்குத் திரும்பி வந்தார். ஜொஹராவின் எதிரில் உட்கார்ந்தார்.

"அவங்க நல்லபடியாத்தான் எடுத்துக்கிட்டாங்க. இப்படி எடுத்துப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"தன் மேலேயே பழியைப் போட்டுக்கிட்டிருந்தா?"

"போட்டுக்கிட்டிருக்கலாம்."

"அப்புறம் எப்படி விட்டீங்க? கொஞ்ச நாள்தான் இருக்குன்னு நான் அவ்வளவு சொன்னேனே."

உள்ளே அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஜொஹரா அந்தப் பக்கம் காது கொடுத்தபடி சொன்னார்.

"ஆமா சார். அம்மா மடியில படுத்து அழ அந்தப் பொண்ணுக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கு."